"நெட் வரலை": எந்த அடுக்கு வரை உயிர் இருக்கிறது என்று பார்க்கும் வழி

கடலூரில் சின்ன அலுவலகங்கள், கடைகள், கிளினிக்குகளுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். வருகிற போனில் முக்கால்வாசி ஒரே வாக்கியம்தான்: "அண்ணா, நெட் வரலை." கேபிள் அறுந்தாலும் அதுதான், ரவுட்டர் சிக்கிக்கொண்டாலும் அதுதான், கணினியில் தேதி தப்பாக இருந்தாலும் அதுதான். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வது எளிது. பல நேரம் சரியாகியும் விடும். ஆனால் ஏன் சரியானது என்று தெரியாததால், மூன்றாம் நாள் அதே போன் திரும்ப வரும்.

நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டுகிற மாதிரிக்கு ஓஎஸ்ஐ என்று பெயர். கல்லூரியில் அந்த ஏழு அடுக்குகளைப் பதினாறு மார்க்குக்கு மனப்பாடம் செய்து எழுதியவர்கள் நம்மில் நிறைய பேர். பரீட்சை முடிந்ததும் அதை மறந்தும் விடுகிறோம். எனக்கு அது வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. கோளாறு வந்தால் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், எதை அடுத்துக் கேட்க வேண்டும் என்ற வரிசை அதில் இருக்கிறது.

கீழிருந்து சொல்கிறேன். முதல் அடுக்கு சிக்னல் போகிற வழி: செம்புக் கம்பி, ஃபைபர், வைஃபை அலை. இரண்டாவது, ஒரே ஸ்விட்ச்சில் இருக்கும் கருவிகள் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) வைத்துப் பேசிக்கொள்கிற இடம். மூன்றாவது ஐபி, ஊர் விட்டு ஊர் போவதற்கு. நான்காவது டிசிபியும் யூடிபியும்: வந்த தகவல் கருவிக்குள் எந்த மென்பொருளுக்கு என்று சொல்கிற போர்ட் எண் இங்கேதான் இருக்கிறது; டிசிபி என்றால் எல்லாம் வந்து சேர்ந்ததா என்ற கணக்கும் உண்டு. ஐந்தாவது உரையாடலைத் தொடங்கி முடிப்பது, ஆறாவது தகவலின் வடிவமும் மறையாக்கமும், ஏழாவது பிரௌசரும் மெயிலும் பயன்படுத்துகிற நெறிமுறைகள்.

இந்த ஏழடுக்கு மாதிரியை ஐஎஸ்ஓ அமைப்பு 1984-ல் தரநிலையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், டிசிபி/ஐபி என்ற நாலடுக்கு முறைக்கு மாறிவிட்டது. இன்றைய இணையம் வளர்ந்தது அந்த நாலடுக்கு முறையில்தான். அதில் ஒன்றும் இரண்டும் ஒரே அடுக்கு; ஐந்தும் ஆறும் தனியாக இல்லை, ஏழோடு சேர்ந்துவிடும். ஆனாலும் பேச்சில் "இது லேயர் டூ பிராப்ளம்" என்று ஏழின் எண்ணைத்தான் சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒவ்வொரு அடுக்கும் மேலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் தன் உறைக்குள் போட்டு, தன் முகவரியை எழுதிக் கீழே கொடுக்கிறது. கடலூரிலிருந்து விழுப்புரம் போய், வண்டி மாறித் திருவண்ணாமலை போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊர் கடைசி வரை திருவண்ணாமலைதான். அது ஐபி முகவரி. ஏறுகிற வண்டி ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் மாறும். அது மேக் முகவரி. கடலூர் ஸ்டாண்டில் நிற்பவருக்கு விழுப்புரம் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். அதனால்தான் உங்கள் கணினியின் ஆர்ப் பட்டியலில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்று குறித்து வைக்கும் பட்டியல்) கூகுளின் மேக் முகவரி என்றைக்கும் இருக்காது, ரவுட்டருடையதுதான் இருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? புத்தகம் கீழிருந்து தொடங்கச் சொல்லும். நான் நடுவில் தொடங்குவேன். கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் அடித்து கேட்வே முகவரியை, அதாவது ரவுட்டரின் முகவரியைப் பார்த்து, அதற்கு பிங் போடுவேன். "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற கட்டளை அது. பதில் வந்தால் அந்தக் கணினியிலிருந்து ரவுட்டர் வரை முதல் மூன்று அடுக்கும் நன்றாக இருக்கின்றன. கோளாறு ரவுட்டருக்கு அந்தப்பக்கம், இல்லையென்றால் மேலே. பதில் வராவிட்டால் கீழே இறங்க வேண்டும். ஒரே சோதனையில் பாதி வீடு தேடி முடித்தாயிற்று.

போர்ட்டில் விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது

முதல் அடுக்கு. கடலோர ஊரில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் வியாபாரி அலுவலகம். பில் போடும் கணினி மட்டும் காலையில் வேலை செய்யாது, பதினொரு மணிக்கு மேல் தானாக வந்துவிடும். ஸ்விட்ச் மாற்றியிருந்தார்கள், லேன் கார்டு மாற்றியிருந்தார்கள். நான் போய் கேபிளைப் பிடுங்கி, ஆர்ஜே 45 முனையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டு ஊசியில் மூன்றின் மேல், செம்புக் குடத்தில் களிம்பு ஏறினது போலப் பச்சை படிந்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. ராத்திரி ஈரத்தில் தொடர்பு கெடுகிறது. வெயில் ஏறி அறை காய்ந்ததும் ஒட்டிக்கொள்கிறது. முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தேன். ஸ்விட்ச் போர்ட்டையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தேன். கேபிளை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து உள்சுவரோடு கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை.

தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் வேலை எடுத்தால் ஊசியில் தங்க முலாம் கெட்டியாக இருக்கும் முனைகளையே வாங்குங்கள். விலை வித்தியாசம் சில ரூபாய்தான்.

கிரிம்ப் செய்யும்போது இரண்டு முனையிலும் ஒரே வரிசை வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையும் சரி" என்று நினைத்து நேர்வரிசையில் குத்துகிறவர்கள் உண்டு. 3-வது ஊசிக்கும் 6-வது ஊசிக்கும் போகிற கம்பிகள் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்துக் கம்பியின் சத்தம் இதில் ஏறும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனாலும் வேகம் வராது.

இதோடு சேர்ந்த இரண்டு அறிகுறிகள். ஒன்று, நெட் வருகிறது ஆனால் இணைப்பு 1000-க்குப் பதிலாக 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் ஒரு கம்பி விட்டிருக்கும். இரண்டு, பகலில் ஓடுகிற பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் எடுப்பது) இருட்டியதும் அணைந்து அணைந்து வருகிறது. ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கு எரிவதால் கேமரா அதிக மின்சாரம் இழுக்கும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசி விற்கிற மலிவு கேபிளாக இருந்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்துவிடும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். முழுச் செம்புக் கேபிளாக மாற்றுவதைத் தவிர இதற்கு வழியில்லை. நீளமும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வரவில்லை, அல்லது கருவி படிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். பெட்டியின் அமைப்புப் பக்கம் திறந்தால் பெறும் ஒளியின் அளவு தெரியும். மைனஸ் 27 டிபிஎம்மைத் தாண்டி இன்னும் கீழே போனால் இணைப்பு நிற்காது. பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சை முனையைக் கழற்றிச் சட்டையில் துடைக்காதீர்கள், கண்ணுக்கு நேராகவும் பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் நின்றது. ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் சேர்ந்து படபடக்கிறது

விளக்கு இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, ரவுட்டருக்கு பிங் போகவில்லை. போனாலும் பத்தில் இரண்டுதான் திரும்புகிறது. இது இரண்டாவது அடுக்கு. சுற்று விழுந்திருக்கிறது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் இது நடந்தது. பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஸ்விட்ச்சைத்தான் பார்த்தேன். வழக்கமாக விளக்குகள் தனித்தனியாக, அவரவர் வேலைக்கு ஏற்ப மினுக்கும். அன்றைக்கு அத்தனையும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல அடித்துக்கொண்டிருந்தன.

"காலையில யாராவது ஒயரைத் தொட்டீங்களா அக்கா?" என்று வரவேற்பில் இருந்தவரிடம் கேட்டேன்.

"பெருக்கும்போது ஒரு ஒயர் கீழ தொங்கிட்டு இருந்துச்சு தம்பி. பாவம் கழண்டிருக்குன்னு நான்தான் அந்தப் பெட்டியில சொருகினேன்."

நல்லெண்ணத்தில் செய்ததுதான். அந்த ஒயரின் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்ச்சில் இருந்தது. யாரோ எப்போதோ மடிக்கணினிக்காகத் தொங்கவிட்டது.

ஏன் ஒரே ஒரு ஒயர் பதினைந்து பேரை நிறுத்துகிறது? ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு. விண்டோஸ் 128 என்று வைத்து அனுப்பும், லினக்ஸ் 64 என்று வைக்கும். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் தூக்கி எறியப்படும். வழிதவறினாலும் ஒரு கட்டத்தில் செத்துவிடும். இரண்டாவது அடுக்கின் உறையான ஈதர்நெட் சட்டகத்துக்கு அந்த ஆயுள் எண் இல்லை. "எல்லாருக்கும்" என்று ஒரு கேள்வி கிளம்பினால் ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும்; அது சுற்று ஒயர் வழியாகத் திரும்பி வரும்; மறுபடி எல்லாப் போர்ட்டிலும் போகும். சில நொடிகளில் ஸ்விட்ச்சுக்கு வேறு எதற்கும் இடமிருக்காது. இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை ராடியா பெர்ல்மன் 1985-ல் உருவாக்கினார். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சுகளில் அது இருக்கும். நம் கடைகளில் இருக்கும் எட்டு போர்ட் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

கண்டுபிடிப்பது இப்படி: ஸ்விட்ச்சிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி விளக்கைப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் படபடப்பு அடங்குகிறதோ, அந்த ஒயரைப் பின்தொடர்ந்து போங்கள். சும்மா தொங்கும் ஒயரை விட்டுவைக்காதீர்கள். இரண்டு முனையிலும் எங்கே போகிறது என்று டேப் ஒட்டி எழுதுங்கள்.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது

கணினி முகவரி கேட்டுக் கத்தியிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கேட்கிற கருவிக்கு முகவரி கொடுக்கிற டிஹெச்சிபி வசதி கிடைக்கவில்லை. ஒரு கணினிக்கு மட்டும் இப்படி என்றால் அதன் கேபிளுக்கோ வைஃபைக்கோ திரும்பிப் போங்கள். எல்லாக் கணினிக்கும் என்றால் ரவுட்டர்.

இதைவிடத் தொல்லை, முகவரி கிடைத்தும் தப்பான முகவரி கிடைப்பது. அலுவலக கேட்வே 192.168.1.1. ஆனால் நான்கு பேருக்கு மட்டும் 192.168.0.1 என்று வருகிறது. அந்த நான்கு பேருக்கும் நெட் இல்லை. மாடியில் சிக்னல் போதவில்லை என்று யாராவது வீட்டிலிருந்த பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து லேன் போர்ட்டில் செருகியிருப்பார்கள். அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுத்ததைக் கணினி வாங்கிக்கொள்ளும். அந்தப் பழைய பெட்டியில் டிஹெச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல, ரவுட்டர் கொடுக்கும் வரம்புக்கு வெளியே மாற்றிவிட்டால் அதே பெட்டி நல்ல அக்சஸ் பாயின்டாக வேலை செய்யும்.

பிரின்டர் வாரம் ஒருமுறை காணாமல் போவதும் இந்த இடத்துக் கோளாறுதான். முகவரி மாறியிருக்கும். ரவுட்டரில் பிரின்டரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது.

8.8.8.8-க்கு பிங் போகிறது, பெயர் அடித்தால் எதுவும் திறக்கவில்லை

டிஎன்எஸ். 8.8.8.8 என்பது கூகுளின் ஒரு முகவரி. அதற்கு பிங் போகிறது என்றால் மூன்று அடுக்கும் நன்றாக இருக்கின்றன. பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. என்எஸ்லுக்கப் கட்டளையில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், நேரம் கடந்தது என்று வந்தால் உறுதி. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

சில தளங்கள் திறக்கின்றன, சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன

இது பலரை நாள்கணக்கில் அலைய வைக்கும். வாட்ஸ்அப் செய்தி போகிறது, பிங் போகிறது, கூகுள் திறக்கிறது, வங்கித் தளம் மட்டும் வெள்ளைத் திரையோடு நிற்கிறது. வங்கியைக் குறை சொல்வார்கள். போனின் மொபைல் டேட்டாவில் அதே தளம் உடனே திறக்கும். அங்கேதான் துப்பு இருக்கிறது.

ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை சுமக்கும். பிபிபிஓஇ முறையில் யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணைகிற பிராட்பேண்டில் அந்த உறைக்கே 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. ரவுட்டரில் எம்டியூ, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1500 என்றே இருந்தால், சின்னப் பொட்டலங்கள் எல்லாம் போகும், நிறைந்த பொட்டலம் மட்டும் வழியில் விழும். "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று திரும்பிச் சொல்ல ஒரு ஐசிஎம்பி செய்தி உண்டு. நடுவில் இருக்கும் ஏதோ ஒரு ஃபயர்வால் அதைத் தடுத்துவிட்டால் அனுப்புகிறவருக்குக் கடைசி வரை தெரியாது.

விண்டோஸில் பிங் கட்டளையோடு, துண்டாக்காதே என்பதற்கான எஃப் குறியும் அளவுக்கான எல் குறியும் சேர்த்து 1472 என்று கொடுங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டோடு 1500 ஆகிறது. அது போகாமல் 1464 போனால் பாதையின் அளவு 1492. ரவுட்டரின் வான் (இணையம் வருகிற பக்கம்) அமைப்பில் எம்டியூவை 1492 ஆக்குங்கள்.

இன்டர்நெட் நன்றாக இருக்கிறது, மெயின் சிஸ்டத்தின் டேலி ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை

முதலில் கேட்க வேண்டியது: ரவுட்டர் மாற்றினீர்களா? புது ரவுட்டரைப் பார்த்ததும் விண்டோஸ் அதைத் தெரியாத நெட்வொர்க்காக எடுத்து, பொது இடம் என்ற வகையில் போட்டுவிடும். அப்புறம் அதன் ஃபயர்வால் ஃபோல்டர் பகிர்வுக்கான 445 போர்ட்டை அடைக்கும், பிங்குக்கும் பதில் சொல்லாது. பதில் வரவில்லையே என்று கேபிளை மாற்றப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பிங் தோற்றதும் ஆர்ப் பட்டியலைப் பாருங்கள். மெயின் சிஸ்டத்தின் ஐபிக்கு நேராக மேக் முகவரி வந்திருந்தால் இரண்டாவது அடுக்கு வரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கேபிளும் ஸ்விட்ச்சும் குற்றமற்றவை. மேலே யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மெயின் சிஸ்டத்தில் நெட்வொர்க் வகையைத் தனிப்பட்டது என்று மாற்றினால் திறந்துகொள்ளும். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கணினியில் ஒரு கடையின் பத்து வருடக் கணக்கு இருக்கிறது.

எல்லாத் தளமும் "பாதுகாப்பில்லை" என்கிறது

கணினியின் தேதியைப் பாருங்கள். பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பழைய வருடத்தில் இருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. ஏழடுக்குக் கணக்கில் இதை ஆறாவதில் வைக்கலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துப் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு, இப்படி வந்த கணினிகள் நிறைய. மதர்போர்டில் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றி, நேரத்தைத் தானாக எடுக்கும்படி வைத்துவிடுங்கள்.

கேமரா கடைக்குள் தெரிகிறது, வெளியூரிலிருந்து தெரியவில்லை

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக்கடை. முதலாளியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், அங்கிருந்து கடையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முன்பு வந்தவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். நானும் மூன்று முறை சரிபார்த்தேன், தப்பே இல்லை. ஆனாலும் வெளியிலிருந்து திறக்கவில்லை.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான், ஆளுக்கொன்று கொடுக்கப் போதாது. அதனால் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். நம் ரவுட்டரில் கதவைத் திறந்தாலும், அதற்கு வெளியே நம் கைக்கு எட்டாத இன்னொரு கதவு இருக்கிறது.

"அப்போ முடியாதா தம்பி?" என்றார் முதலாளி.

"முடியும்ணே. வெளியிலிருந்து உள்ளே வர்றதுதான் அடைபட்டிருக்கு. உள்ளேயிருந்து வெளியே போறது போகும்."

நிலையான பொது ஐபியைத் தனிக் கட்டணம் கொடுத்து வாங்கலாம். அவருக்கு அது தேவைப்படவில்லை. ரெக்கார்டரிலேயே இருந்த கிளவுட் வசதியை ஆன் செய்தேன். ரெக்கார்டர் தானே வெளியே போய் இணைந்துகொள்ளும், மகனின் போனும் அங்கே போய்ச் சேரும். பழைய போர்ட் ஃபார்வர்டிங்கை அழித்தேன், ரெக்கார்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன். சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால் வந்தது. பெரியவர் கல்லாவில் உட்கார்ந்தபடி கேமராவைப் பார்த்துக் கை காட்டினார்.

கிளம்பும் முன் ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தேதி போட்டு எழுதினேன்: "வான் ஐபி 100-ல் தொடங்குகிறது. போர்ட் திறந்து பயனில்லை. கிளவுட் வழியாக ஓடுகிறது." அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் மூன்று மணி நேரம் மிச்சம்.